பழுப்பு ஐஸ்

அத்தை சொன்ன வார்த்தை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. படியேறும்போதும் இறங்கும்போதும் அது காலில் இடறியது.

புதன்கிழமை, வெளியூரிலிருந்து தாமதமாகத் துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "என்ன வியாதியாம்?" என்று யாரோ கேட்டார்கள். அத்தை தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொன்னாள்.

"கல்லீரல். சனிக்கிழமை தவறாம ஊத்திக் குடுத்தா எந்த ஈரல்தான் தாங்கும்? என் பிள்ளையைக் கொண்டுபோனது வியாதி இல்ல. இதோ டீ கொண்டு வர்றாளே, இவ."

மருமகள் தட்டில் இருந்த டீயை எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் மாடிக்குப் போனாள். அழுவதற்கு முன்னால் தன் அண்ணனுக்கு போன் செய்தாள். "சனிக்கிழமை வர்றேன். ஒரு ரூம் ஒழிச்சு வைக்க முடியுமா?"

இன்று சனிக்கிழமை.

அவளை எல்லோரும் சோடா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் அவள் மூக்குக்கண்ணாடியின் தடிமனைப் பார்த்துவிட்டு அவள் புருஷன் "சோடாபுட்டி" என்று ஆரம்பித்தது. நாளாவட்டத்தில் புட்டி உதிர்ந்து சோடா மட்டும் நின்றது. அவள் வேலை பார்த்ததோ கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்க்கும் பிரிவில். ஊருக்கெல்லாம் தெளிவாகப் பார்க்க வழி செய்கிறவளுக்கு இந்தப் பெயரா என்று கடையில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பொதுவாக இருமல்கூட வராத ஆள். கடைசி இரண்டு மாதத்தில் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரி, மறுபடி ஆஸ்பத்திரி, முடிந்துபோனது. எல்லாம் திடீரென்று வந்தது என்றுதான் அவளுக்குச் சொன்னார்கள்.

மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். துணிமணிகள் கட்டியாகிவிட்டது. உள்ளறையில் நாத்தனார் மிச்சம் மீதியை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் நர்ஸ். அத்தையோடு கீழே இருப்பவள், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு உதவிக்கு மாடிக்கு வந்திருந்தாள். காலையிலிருந்து அண்ணியின் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை என்பதை சோடா கவனித்திருந்தாள். தான் வீட்டை விட்டுப் போவதில் வருத்தம் போல என்று எடுத்துக்கொண்டாள்.

சமையலறையில் மட்டும் ஒரு சாமான் பாக்கி இருந்தது. ஜன்னலுக்குக் கீழே, இடுப்பு உயரத்துக்கு, மேலே திறக்கும் ஃப்ரீசர்.

"தங்கச்சி!" என்று வாசலிலேயே குரல் கொடுத்துக்கொண்டு பார்ட்னர் வந்தார். அவனோடு சேர்ந்து பட்டறை நடத்தியவர். "இந்தப் பொட்டியைத் தூக்க நாலு ஆள் வேணும். நான் ஒருத்தன்தான் வந்திருக்கேன். மீதி மூணு பேரு என் தொப்பைக்குள்ள இருக்காங்க, கவலைப்படாத."

அவள் சிரிக்க முயன்றாள். வாய் ஒத்துழைக்கவில்லை.

"ஆஃப் பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"நேத்தே பண்ணச் சொன்னேனேம்மா. உள்ள இருக்கறது உருகி வழிஞ்சா என் வண்டி குளிச்சிடும்."

சொன்னார்தான். அவளும் இரண்டு மூன்று தடவை ஸ்விட்ச் வரைக்கும் கையைக் கொண்டுபோனாள். யாரோ குப்பையில் போட்ட பெட்டி அது. கம்ப்ரஸர் செத்துப்போயிருந்தது. அவன் தோளில் தூக்கிவந்து உயிர் கொடுத்தான். அன்றிலிருந்து இந்த வீட்டில் எப்போதும் ஒரு முனகல் இருந்தது. அவன் போன பிறகும் அது மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்தும் விரல் அவளுடையதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

பார்ட்னர் கையை நீட்டி ஸ்விட்சைத் தட்டினார். முனகல் ஒரு நடுக்கத்தோடு நின்றது.

அவருக்கும் என்னவோ போலாகிவிட்டது. "உன் புருஷன் இந்தப் பொட்டிக்குள்ள ஐஸுக்குப் பள்ளிக்கூடமே நடத்தினானே தங்கச்சி. ஊர்ல அவனவன் அடுத்தவனுக்கு ஐஸ் வைப்பான். இவன் ஐஸுக்கே ஐஸ் வெச்சவன்."

உண்மைதான். விஸ்கியை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிவிடலாம், ஐஸை நாம்தான் செய்ய வேண்டும் என்பது அவன் கட்சி. தெர்மகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசருக்குள் வைப்பான். பக்கவாட்டில் குளிர் ஏறாது. மேலிருந்து கீழாக மட்டுமே உறையும். காற்றுக்குமிழும் அழுக்கும் கீழே கீழே தள்ளப்பட்டுக் கடைசியில் அடியில் போய்த் தங்கும். அந்த அடிப்பாகத்தை அறுத்து எறிந்துவிட்டால் மிஞ்சுவதன் வழியாகப் பேப்பர் படிக்கலாம். படித்தும் காட்டினான். "பாரு சோடா, உன் கடையில இவ்வளவு சுத்தமா ஒரு லென்ஸ் உண்டா?"

"ஒரு காரியம் பண்ணு தங்கச்சி," என்றார் பார்ட்னர். "சனிக்கிழமையாவும் இருக்கு. அவன் மாதிரி ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடு. குடிச்சிட்டுப் பொட்டியைத் தூக்கறேன். அவனுக்கு மரியாதை பண்ணின மாதிரி இருக்கும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் இனிமேல் சனிக்கிழமை கிடையாது.

அலமாரியில் பாதி பாட்டில் இருந்தது. இறக்கினாள். இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடிதான் அளவு. விஸ்கி இரண்டு மூடி. எலுமிச்சைச் சாறு ஒன்று, டீ வடிகட்டியில் விதை நீக்கி. சர்க்கரைப் பாகு ஒன்று. பாகுக்கு ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் ஜாம் பாட்டிலில் ஊற்றி, சாதா ஐஸ் போட்டு, மூடியை இறுக்கிக் குலுக்க வேண்டும். பாட்டிலின் வெளிப்பக்கம் பனி பூத்துக் கை மரத்துப்போகும் வரைக்கும்.

அவள் குலுக்கினாள். கடகடவென்ற சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும். தையல் மெஷின் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, கோபமாக, மறுபடி ஓடியது.

வடிகட்டித் தம்ளரில் ஊற்றி நீட்டியபோது பார்ட்னர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயய்யோ. வண்டி ஓட்டணுமே தங்கச்சி. புத்தி எங்க மேயுதுன்னு தெரியல. அதுவும் எங்க வீட்டம்மா இருக்காளே, நாலு தெரு தள்ளி வர்றப்பவே மோப்பம் பிடிச்சிடுவா. எனக்கு வெறும் சோடா ஊத்து. அவன் போட்ட ஐஸ் இருந்தா ரெண்டு துண்டு போடு. அது போதும்."

அவன் போட்ட ஐஸ்.

ஃப்ரீசரின் மூலையில், ஒரு டப்பாவுக்குள், இரண்டு கட்டிகள் இருந்தன. பழுப்பு நிறத்தில். அவன் தனக்கென்று தனியாகச் செய்துகொண்ட ஐஸ். "கருக்கின சர்க்கரைப் பாகை உறைய வெச்சிருக்கேன். சாதா ஐஸ் கரைஞ்சா விஸ்கி நீர்த்துப் போகுது. இது கரைஞ்சா ருசி ஏறும்," என்று சொல்லியிருந்தான். ஐஸ் விஷயத்தில் அவன் எது சொன்னாலும் வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. வயலட் நிறத்தில் உறைய வைத்திருந்தாலும் சரி என்று விட்டிருப்பார்கள்.

இத்தனை நாளாக அவள் அந்த டப்பாவைத் திறந்து பார்ப்பாள், மூடிவிடுவாள். அவன் கைபட்டதில் இனி மிச்சம் இருப்பது அதுதான். எடுத்துக்கொண்டும் போக முடியாது. அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தண்ணீராகிவிடும்.

"உங்களுக்குக் குடுக்கத்தான் இருந்திருக்கு போல," என்று சொல்லி இரண்டு கட்டிகளையும் இன்னொரு தம்ளரில் போட்டாள். சோடாவை உடைத்து ஊற்றினாள்.

"இதோ, படிக்கட்டுத் திருப்பத்துல பொட்டி நுழையுமான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்," என்று பார்ட்னர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் கயிற்றால் சுவரை அளப்பதும் தனக்குத்தானே கணக்குப் பேசுவதும் கேட்டது. அவள் ஃப்ரீசரின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்து தம்ளரைக் கையில் எடுத்தார். முகம் மாறியது.

"என்ன தங்கச்சி, நான்தான் வேணாம்னு சொன்னேனே. ஊத்திட்டியா?"

"ஊத்தலையேண்ணே. வெறும் சோடாதான்."

"இதப் பாரு!" என்று தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

தம்ளருக்குள் சோடா நிறம் மாறியிருந்தது. ஐஸைச் சுற்றி இழை இழையாக இறங்கிய பழுப்பு, தம்ளர் முழுக்கப் பரவி, பொன்னிறத்தில் நின்றது. பக்கத்தில் இருந்த விஸ்கித் தம்ளரைவிட இதுதான் அசல் விஸ்கி போல இருந்தது. ஒரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் கையில் அவள் பார்த்த அதே நிறம்.

"குடுங்கண்ணே."

வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

டீ. கறுப்பு டீ. கருகிய சர்க்கரை, கிராம்பு, லேசான ஆரஞ்சுத் தோல் வாசனை. வேறு ஒன்றுமே இல்லை.

"அண்ணே, கீழ போய் வண்டியைப் படிக்கட்டுப் பக்கமாத் திருப்பி நிறுத்துங்க," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. பார்ட்னர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அவரவர் தம்ளரை அவரவர் கலக்க வேண்டும். முதல் வாய் மட்டும் மாற்றிக் குடிக்க வேண்டும். அவன் தம்ளரில் அவள், அவள் தம்ளரில் அவன். பிறகு மார்க் போட வேண்டும். "எலுமிச்சை தூக்கல். அஞ்சு மார்க்." "உங்களுதுக்கு மூணே அதிகம்." தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும்.

போன வருஷம் அவன் அதை நிறுத்திவிட்டான். சளி பிடித்திருக்கிறது என்றான். அடுத்த வாரமும் சளி என்றான். தனக்கு வேண்டியதை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கலந்தான். விளிம்பில் மட்டும் விரலால் விஸ்கியைத் தொட்டுத் தடவிக்கொண்டான். அது வாசனைக்காக என்று அவள் நினைத்தாள்.

ஒரு சனிக்கிழமை அவள் பொறுக்க முடியாமல் அவன் தம்ளரைப் பிடித்து இழுத்தாள். அவன் வெடுக்கென்று பறித்தான். பாதி அவள் மடியில் கொட்டியது. "என் எச்சில் பட்டா அருவருப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் ஈரக் கையோடு நின்றான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து குடித்தாள். அவன் பேசினான், சிரிக்க வைத்தான், ஐஸைக் காட்டினான். அவள் மனதுக்குள் ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தாள். அவன் சாகும்போதுகூட அந்தக் கதவு முழுசாகத் திறக்கவில்லை.

இப்போது வாயில் டீயின் கசப்பு நின்றது.

"யார்கிட்ட அண்ணி பேசிட்டிருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளறையிலிருந்து வந்த நாத்தனார் தம்ளரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அது... பழசு அண்ணி. கீழ ஊத்திடுங்க. வயித்துக்கு ஆகாது."

"நர்ஸம்மா சொன்னா கேட்டுக்கறேன். இது என்னதுன்னு மட்டும் சொல்லிடு."

"பாகு ஐஸ்தானே. அண்ணன் எப்பவும்..."

"நான் குடிச்சுட்டேன்டி."

நாத்தனார் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா வெளிய போற நேரமாப் பார்த்து, கீழ எங்க அடுப்புலதான் சர்க்கரையைக் கருக்கினான். நிறம் சரியா வர்ற வரைக்கும் விடல. மூணு பாத்திரம் போச்சு. விஸ்கியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் பார்ப்பான். 'லென்ஸ் பார்த்துப் பழகின கண்ணு, சோடா கண்டுபிடிச்சிடுவா'ம்பான்."

"எப்போ?"

"போன வருஷம். பொட்டி தூக்கி இடுப்பு இழுத்துக்கிச்சுன்னுதான் எங்க சென்டருக்கு வந்தான். நான்தான் எதுக்கும் பார்த்துடலாம்னு படுக்க வெச்சேன். டாக்டர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார் அண்ணி. ஈரல்ல கட்டி. அப்பவே பெரிசா இருந்தது."

"குடியாலயா?" என்றாள் சோடா.

"குடியால வந்ததில்ல. சின்ன வயசுலயே ரத்தத்துல ஒட்டின கிருமியாம். இத்தனை வருஷம் சத்தமில்லாம உள்ளயே இருந்திருக்கு. இனிமே ஒரு சொட்டுகூடத் தொடாதேன்னு டாக்டர் சொன்னார். அன்னிக்கே நிறுத்திட்டான். அதுக்கப்புறம் தொடவே இல்ல."

"வைத்தியம்?"

"வேணாம்னுட்டான். பண்ணினா சில மாசம் கூடலாம், கூடாமலும் போகலாம்னாங்க. நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க அப்பாவுக்காக நீங்க வருஷக்கணக்கா ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்திருந்தீங்களாமே. சிரிக்கவே மறந்து போய்த்தான் இந்த வீட்டுக்கு வந்தீங்களாம். அந்த ஜாம் பாட்டிலைக் குலுக்கறப்பதான் முதல்முதலா நீங்க வாய் விட்டுச் சிரிச்சுப் பார்த்தானாம். 'அவளை மறுபடி அந்த பெஞ்சுல உட்கார வைக்க எனக்கு மனசு வரல. கடைசில எப்படியும் வந்து உட்காரத்தான் போறா. அதுவரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமையாவே இருக்கட்டும்'னான்."

தம்ளரில் ஐஸ் ஒருமுறை புரண்டு படுத்தது.

திட்ட வேண்டும் போல இருந்தது அவளுக்கு. யாரைத் திட்டுவது? அருவருப்பு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டானே, அந்த மடையனை. ஒரே ஒரு வாய் அவள் குடித்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஒரு வருஷம் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். அழுகைக்குப் பதிலாக அவன் சிரிப்பைக் கொடுத்தான். அவள் அதையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

"சரி. எனக்குத்தான் சொல்லல. அவர் சத்தியம் வாங்கியிருப்பார்," என்றாள். "புதன்கிழமை உங்க அம்மா அத்தனை பேர் முன்னாடி சொன்னாங்களே, அப்ப நீ எங்க நின்ன?"

"கதவுகிட்ட."

"கதவுக்குத்தான் வாய் கிடையாது. உனக்குமா?"

நாத்தனாருக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவில்லை.

"சொன்னா அம்மா அடுத்து என்ன கேப்பாங்க அண்ணி? உனக்கு எப்படிடீ தெரியும்னு கேப்பாங்க. தெரிஞ்சும் ஏன்டீ என்கிட்ட சொல்லல, என் பிள்ளையை எங்கயாவது தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தியிருப்பேனேன்னு கேப்பாங்க. வைத்தியம் வேணாம்னு அவன் சொன்னதுக்கு நான் தலையாட்டினேன்னு தெரிஞ்சா, செத்தாலும் என் முகத்துல முழிக்க மாட்டாங்க. எனக்குன்னு இருக்கறது அம்மா மட்டும்தான்."

"எனக்குன்னு அவர் மட்டும்தான்டி இருந்தார்."

நாத்தனார் கிட்டே வந்து அவள் கையைப் பிடித்தாள். "நீங்க எப்படியும் இன்னிக்குக் கிளம்பிடுவீங்க. அங்க உங்களை யாரும் ஒரு சொல் சொல்லப் போறதில்ல. நான் இங்கதான் அவங்களோட காலம் தள்ளணும். சொல்லிடாதீங்க அண்ணி. ப்ளீஸ்."

சோடா தம்ளரைப் பார்த்தாள். கட்டிகள் கோலிக்குண்டு அளவுக்குச் சிறுத்துவிட்டன. ஐஸ் இருக்கும் வரைக்கும்தான் இது அவன் செய்தது. கரைந்துவிட்டால் ஆறிப்போன டீ. எந்தப் பொம்பளையும் எந்த நேரத்திலும் போட்டுவிட்டு, பார், உன் பிள்ளை இதைத்தான் குடித்தான் என்று சொல்லலாம். யார் நம்புவார்கள்?

கொலைகாரி என்ற பெயரோடு இந்தப் படியில் இறங்குவதா வேண்டாமா என்பது இன்னும் சில நிமிஷத்தில் தானாகவே முடிவாகிவிடும்.

கீழே தையல் மெஷின் நின்றது. இந்த முறை மறுபடி ஓடவில்லை. படியில் காலடிச் சத்தம் கேட்டது.

அத்தை கழுத்தில் அளவு நாடா தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். மேஜையைப் பார்த்தாள். பாட்டில், ஜாம் பாட்டில், பிழிந்த எலுமிச்சைத் தோல், நிறைந்த தம்ளர். மருமகள் கையில் இன்னொரு தம்ளர்.

"ஓ. கிளம்பற அன்னிக்குமா?" என்றாள். "பட்டப்பகல்ல, பொட்டி கட்டின கையோட. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

பின்னாலேயே வந்த பார்ட்னர், "இல்லம்மா, அது நான்தான் கேட்டேன், வெறும் சோடா..." என்று இழுத்தார்.

"நீ பேசாத. அவனுக்கு முதல் புட்டியைக் காட்டினவனே நீதான்."

"நான் காட்டினது ஃப்ரிட்ஜுக்கு ஏத்தற கேஸ் சிலிண்டர்மா."

"வாயைப் பாரு." அத்தை திரும்பினாள். கண் ஃப்ரீசரில் போய் நின்றது. திறந்து கிடந்த அதன் வெள்ளை வயிற்றைப் பார்த்தாள். மெதுவாகக் கிட்டே போய், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல், விளிம்பில் உள்ளங்கையை வைத்தாள்.

"இது ஏன் சத்தம் போடல?"

"ஆஃப் பண்ணியாச்சு அத்தை. இந்த அண்ணன் பட்டறைக்கு எடுத்துட்டுப் போறார்."

"என் தலைக்கு மேல ராத்திரி பகலா உறுமிக்கிட்டே இருக்கும். நிறுத்துடா நிறுத்துடான்னு அவன்கிட்ட எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்." அத்தையின் குரல் இறங்கியது. "இப்ப நின்னு போச்சு. கீழ உட்கார முடியல. அதான் வந்தேன்."

சண்டைக்கு வரவில்லை. அந்த முனகலைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சோடா அவளைப் பார்த்தாள். புதன்கிழமை தலையைத் தூக்காமல் பேசியவளை இவளிடம் தேடினாள். இருந்தாள். ஆனால் அவளுக்குள்ளேயே, மகன் உறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த ஒருத்தியும் இருந்தாள்.

இன்னும் கொஞ்சம் ஐஸ் மிச்சமிருந்தது.

நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நிமிஷம் அவளிடம் இல்லை. மறைக்க வேண்டும் என்பதும் இல்லை. இதைத் தான் ஒருத்தியே குடித்து முடிப்பது எந்த நியாயத்தில் சேரும் என்று மட்டும் தோன்றியது.

"அத்தை. இது அவர் உறைய வெச்ச ஐஸ். அவர் கையால செஞ்சதுல இவ்வளவுதான் மிச்சம்," என்று தம்ளரை நீட்டினாள்.

"அண்ணி!" என்றாள் நாத்தனார். "அம்மா, வேணாம். அது..."

அத்தை தம்ளரைப் பார்த்தாள். அந்தப் பொன்னிறத்தை. வாழ்நாளில் விஸ்கி வாசனை வந்த பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை அவள்.

"விஷமாவே இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். "என் பிள்ளை செஞ்சது. கொண்டா."

இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, நெருப்பை விழுங்கத் தயாராகிறவள் போல, முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயில் வைத்தாள்.

சுளிப்பு மெல்ல மெல்லக் கலைந்தது.

கண்ணைத் திறந்தாள். தம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். இன்னொரு வாய் குடித்தாள். அதை விழுங்காமல் நாக்கில் வைத்திருந்து, பிறகு விழுங்கினாள். மேஜையில் இருந்த மற்ற தம்ளரைக் குனிந்து முகர்ந்து, வெடுக்கென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மறுபடி தன் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"இது டீ."

தம்ளரை மருமகள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"இதைத்தான் குடிச்சானா? இங்க உட்கார்ந்து, இதையா?"

"எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும் அத்தை," என்றாள் சோடா. அதற்கு மேல் சொல்ல வேண்டியது அவளுடையது இல்லை. நிறுத்திக்கொண்டாள்.

அத்தை தையற்காரி. துணியைத் தொட்டே எங்கே பிரித்து எங்கே தைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவள் பார்வை மருமகளிடமிருந்து பார்ட்னருக்குப் போனது. அவர் முகத்தில் இருந்தது வெறும் திகைப்பு. அங்கிருந்து மகளிடம் போனது.

மகள் முகத்தில் திகைப்பு இல்லை.

அத்தை ஃப்ரீசரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தாங்கிப் பிடிக்கக் குனிந்த மருமகளின் மணிக்கட்டைப் பற்றினாள். அந்தக் கை ஐஸ் பட்டுச் சில்லிட்டிருந்தது. விடவில்லை. இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"கண்ணைத் துடைச்சுக்கிட்டு இங்க வா," என்றாள் மகளிடம். குரலில் கோபம் இன்னும் வந்து சேரவில்லை. "எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்? எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லு."